அக்ரியோலிம்னியின் இரண்டு வெள்ளைத் தாள்கள்

கிரேக்க நாட்டுச் சிற்றூரான அக்ரியோலிம்னியில் பச்சைக் கட்சிக்காரர் ஒருவர் இறந்தால் மூன்று நாட்களுக்குள் நீலக் கட்சிக்காரர் ஒருவரும் இறந்துவிடுவார். நீலத்தில் இறந்தால் பச்சையிலும் அப்படியே. கூடப் போகிறவர் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் உடம்பு மிக நலிந்தவராக இருப்பார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய முதல் தேர்தலிலிருந்து அந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் சரிசமமாகவே ஓட்டு விழுந்தது. கட்சிகள் பெயரை மாற்றிக்கொண்டன, பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, பாதி ஊர் ஜெர்மனிக்குப் பிழைக்கப் போனது, சமம் குலையவில்லை. யாராவது அணி மாறினால் அதே நாளில் எதிரணியிலிருந்தும் ஒருவர், காரணம் சொல்லத் தெரியாமல், மாறினார். அதனால் சதுக்கத்தின் இரு ஓரங்களில் இருந்த நீலக் காப்பிக்கடையும் பச்சைக் காப்பிக்கடையும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே எதிராளிகளின் உடம்பை அக்கறையோடு பார்த்துக்கொண்டன. பச்சைக்காரர் இருமினால் நீலக்காரர் வீட்டிலிருந்து தேன் போகும்.

அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பச்சையில் மூத்தவரான கோஸ்மாஸுக்கு மருத்துவர் நாள் குறித்துவிட்டார். நீலத்தில் மிக நலிந்தவள் ரொட்டிக்கடை தெஸ்பினாவின் மகள் அசிமினா. பத்தொன்பது வயது. பழுதான இதயத்துக்கு நவம்பரில் ஏதென்ஸில் அறுவை சிகிச்சை. ஊர் இந்தக் கணக்கை வாய்விட்டுப் போடவில்லை. ரொட்டி வாங்க வந்தவர்கள் தெஸ்பினாவின் முகத்தைப் பார்க்காமல் சில்லறையை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் தினமும் மூன்று வேளை கோஸ்மாஸுக்குக் கோழி சூப் கொண்டுபோனாள்.

"எலுமிச்சைய அள்ளிப் பிழிஞ்சிருக்கே. உங்க கட்சி மாதிரியே வாயில வைக்க முடியல."

"பேசாம குடிங்க மாமா. நீங்க நவம்பர் வரைக்கும் இருந்தாகணும்."

"அத டாக்டர்கிட்ட சொல்லு. அவன் செவ்வாய்க்கிழமைங்கிறான்."

சனிக்கிழமை அவள் கேட்டேவிட்டாள். "நாளைக்குக் கட்சிப் பேர் இல்லாத வெள்ளைத் தாள் போடுங்க மாமா. எந்தப் பக்கமும் இல்லாம போனா, யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டீங்க."

"ராணுவ ஆட்சியில கர்னல்கள் என்னைத் தீவுல நாலு வருஷம் அடைச்சு வச்சாங்க. கட்சிய விட்டுட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு அனுப்புறோம்னாங்க. போடல. இப்ப வெள்ளைத் தாளா?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "கதவைச் சாத்திட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி திறந்ததும் தெஸ்பினா முதல் ஆளாக ஓட்டுப் போட்டாள். மதியம் நான்கு பேர் கோஸ்மாஸை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். திரைக்குப் பின்னால் பதினொரு நிமிடம் இருந்தார். மாலை ஏழு மணிக்கு, நகரத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த வழக்கறிஞர் உறைகளைப் பிரித்தார். நீலம், பச்சை, நீலம், பச்சை. பிறகு ஒரு வெள்ளைத் தாள். அந்த ஊர் பார்த்த முதல் வெள்ளை அது. கடைசிக்கு முந்தின உறையில் இன்னொரு வெள்ளை இருந்தது. நீலம் இருநூற்றுப் பத்து, பச்சை இருநூற்றுப் பத்து.

அன்று இரவு தெஸ்பினா சூப்போடு வந்ததும் கோஸ்மாஸ் கேட்டார்.

"இன்னொண்ணு உன்னுதா?"

"ஆமா."

"அப்ப வெள்ளையில நாம ரெண்டு பேருதான். என்கூட வரப்போறது நீதான். திருட்டுக் கழுதை! யாரும் வர வேண்டியதில்லைன்னியே?"

"உண்மையைச் சொன்னா போட்டிருப்பீங்களா?"

"நீ காலையில போட்டதால என் கை தானா போச்சா, இல்ல நானாத்தான் போட்டேனா... அதுவே எனக்குத் தெரியல."

"நீங்களாத்தான் போட்டீங்க மாமா," என்றாள். அவர் அன்று கிண்ணத்தை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மருத்துவர் சொன்னபடி செவ்வாய்க்கிழமை கோஸ்மாஸ் இறந்தார். தெஸ்பினா மகளுக்கு அடுப்பின் சூட்டை எப்படிக் கைவைத்துப் பார்ப்பது என்று காட்டினாள். தன் கறுப்பு உடையைத் துவைத்து இஸ்திரி போட்டாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாட்களும் இரண்டு காப்பிக்கடைகளிலும் யாரும் சீட்டாடவில்லை. எல்லோரும் ரொட்டிக்கடைப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையிலும் அதில் புகை வந்தது. கடையில் தாயும் மகளும் நின்றார்கள். நவம்பரில் அசிமினாவின் இதயத்தைச் சரிசெய்தார்கள்.

ஏன் யாரும் கூடப் போகவில்லை என்பது அடுத்த தேர்தலில்தான் தெரிந்தது. ஊரில் உயிரோடு இருந்த வாக்காளர்களைவிட ஓர் உறை அதிகமாக இருந்தது. நீலமும் பச்சையும் சமம், வெள்ளை இரண்டு. புதிதாக வந்திருந்த வழக்கறிஞர் மூன்று முறை எண்ணிவிட்டு வாக்காளர் பட்டியலைக் கேட்டார். நகராட்சி எழுத்தர் கோஸ்மாஸின் பெயரை நீக்காமலே வைத்திருந்தார். அதற்கு நேராக வாக்களித்த குறி இருந்தது. "வந்தாரு, போட்டாரு, போயிட்டாரு. இதுல என்ன சார் இருக்கு?" என்றார் எழுத்தர். வழக்கறிஞர் கையெழுத்திட்டார்.

அதன்பின் ஒன்பது தேர்தல்கள் நடந்துவிட்டன. தெஸ்பினா இப்போதும் காலையிலேயே வந்து வெள்ளைத் தாள் போடுகிறாள். அலுவலர்கள் மதியம் சாப்பிடப் போகும்போது மேசையோரத்தில் ஒரு வாக்குச்சீட்டுக் கட்டையும் ஓர் உறையையும் எடுத்துவைக்கிறார்கள். திரும்பி வரும்போது அவை அங்கே இருப்பதில்லை.