அணையாத சர்வர்

ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சர்வரின் மூன்று வருட வாடகையை மொத்தமாக முன்பணம் கட்டினால் நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி. இன்றோடு சலுகை முடிகிறது என்று விற்பனைக்காரர் காலையிலேயே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கட்டினால் கம்பெனியின் சேமிப்பு துடைத்துவிட்டாற்போல் காலி. அப்புறம் ஒரு பருவம் மாணவர்கள் குறைந்தாலும், அக்காவும் தம்பியும் ஐந்து வருடமாக நடத்தும் மாதிரித் தேர்வு இணையதளத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

அக்கா பணத்தைப் பார்ப்பவள். தம்பி சர்வரைப் பார்ப்பவன். நடுவில் ஒரு மேசையும், இரண்டு மாதமாக ஒரு மௌனமும்.

"ஓடுற மணிக்கு மட்டும் காசு குடுக்குறோம். அதுல என்னடா குறை?"

"ஓடுறது நின்னாத்தானேக்கா? ஒரு நாளைக்குப் பதினாலரை மணி நேரத்துக்கு மேல ஓடினா முன்பணம்தான் லாபம். நம்மது இருபத்துநாலு மணி நேரமும் ஓடுது."

"லீவு விட்டாச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலை மூணு மணிக்கு எந்தப் பிள்ளை பரீட்சை எழுதுது?"

அவன் உதட்டைப் பிதுக்கினான். "வேண்டாம்னா காரணத்தக் காட்டு. நீ போட்ட விதிதானே?"

ஆமாம், அவள் போட்ட விதிதான். மறுப்பவர் காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மற்றவர் சொன்னது நடக்கும். அவன் டீ வாங்கக் கீழே போனான்.

காரணம் அவளிடம் இருந்தது. வாயைத் திறந்து சொல்லக்கூடியதாக இல்லை. விற்பனைக்காரர் தம்பியின் கல்லூரித் தோழர். அவரோடு பேச வேண்டுமென்றால் இவன் படிக்கட்டுக்குப் போய்விடுவான். அரை மணி நேரம் யாரும் தளத்துக்கு வராவிட்டால் சர்வர் தானே அணைந்துவிடும்படி அமைத்தவனும் இவன்தான். அப்படியிருக்க, ஏன் அணையவில்லை? வேண்டுமென்றே ஓடவிட்டு, பில்லை ஏற்றிக்காட்டி, முன்பணம் கட்டவைத்துக் கமிஷன் பார்க்கிறானோ? வேலியே பயிரை மேய்கிறதோ?

அந்தத் தோழர் முதன்முதலாக வந்துபோன அன்றே, கள்ளத்தனமாக யாராவது நுழைகிறார்களா என்று பார்க்க, அவள் வீட்டுக் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தாள். தளத்துக்குள் எந்தெந்த மாணவர் இருக்கிறார்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக் காட்டும் பக்கம். அன்றிலிருந்து அந்தக் கணினியை அவள் அணைக்கவில்லை. ஒரு திருடனும் சிக்கவில்லை.

இப்போது அவன் நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள். சர்வருக்கு வந்துபோனவர்களின் முழுப் பதிவையும் திறந்தாள். ஞாயிறு, விடியற்காலை மூன்று மணி. நிமிடத்துக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் ஒரே லாகின். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று திரைக்கு அருகே குனிந்தாள். பெயரைப் படித்தாள்.

அவள் பெயர்.

இன்னும் பின்னால் போனாள். முதல் வரி, தோழர் வந்துபோன அன்று மாலை ஏழு மணிக்கு. அதற்கு முந்தைய இரவுவரை சர்வர் ஒழுங்காக அணைந்து எழுந்திருக்கிறது. அவளுடைய பக்கம் நிமிடத்துக்கொரு முறை தட்டித் தட்டி அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது.

காட்டக் காரணம் கிடைத்துவிட்டது. அதைக் காட்டினால் கூடவே தன்னையும் காட்ட வேண்டும். மணி நாலு பத்து. படியில் செருப்புச் சத்தம்.

அவன் இரண்டு டம்ளர்களையும் மேசையில் வைத்தான்.

"நான்தான்டா."

"என்னது?"

"அந்த மூணு மணிப் பிள்ளை."

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "தெரியும். ஒரு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமாடா மூணு வருஷத்துக்குக் கட்டச் சொன்ன?"

"உன் லாகின நான் வெட்டினா, எதையோ மறைக்கிறான்னுதானே நெனைப்ப? நீ பாக்குறத நிறுத்தமாட்டேன்னு கணக்குப் போட்டேன். இருபத்துநாலு மணி நேரச் சந்தேகத்துக்கு முன்பணம்தானேக்கா மலிவு?"

சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. அவன் நாற்காலியில் இருந்தபடியே தன் லாகினை எல்லாக் கணினியிலிருந்தும் வெளியேற்றினாள்.

அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் இருவரும் திரையில் சர்வர் ஓடுவதைக் காட்டும் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயில் ஆடை படிந்தது. தம்பியின் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. நாலே முக்காலுக்குப் புள்ளி சாம்பல் நிறமானது.

"தூங்கிருச்சு," என்றான். "வேண்டாம்னு சொல்லிட்டு வரேன்." போனை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் படிக்கட்டுக்கே போனான்.

ஒரு மாதமாகத் தெரியுமா, இல்லை இந்த நிமிடம் புனைந்து சொன்னானா? அவள் எழுந்திருக்கவில்லை. காது மட்டும் எழுந்து அவன் பின்னால் போயிற்று. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆறிப்போன டீயை அடிவரைக்கும் குடித்தாள்.