வான்மதி சொன்ன பெயர்

கடல் கடந்த ஊரில் இருக்கும் ஒருவர் உங்கள் பெயரை உலகத்துக்கே கேட்கும்படி சொல்ல வேண்டுமா? விலை ஆறரை ரூபாய். 1988இல் அந்தியூர் தபால் நிலையத்தில் வெளிநாட்டு வான்கடிதம் அந்த விலைக்குத்தான் கிடைத்தது. பேரம் கிடையாது. என் அப்பா மாட்டுத் தரகர். பேரம் பேச முடியாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். "ஆறரை ரூவாய்க்குப் பருத்திக்கொட்டை வாங்குனா மாடாவது திங்கும்" என்பார். நான் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சில வாரம் கழித்துச் சிற்றலை வானொலியில், கொரகொரப்புக்கு நடுவே, அந்தக் குரல் வரும். "அந்தியூர் நேயர் சேனாபதி அவர்கள் எழுதியிருக்கிறார்..." பேசுவது ஒரு சீனப் பெண். பெய்ஜிங்கில் தமிழ் படித்து, வான்மதி என்று தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்ட அறிவிப்பாளர். ஒவ்வொரு கடிதத்துக்கும் தபாலில் பதிலும் எழுதுவார். அறுவடை, அணைக்கட்டு, நட்புறவு எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்ட அவர்கள் அரசாங்கம் விரித்த கடை அது. அமெரிக்காக்காரன் சீன மொழியில் பேசிச் சீனாவுக்குள் அதே கடையை விரித்திருந்தான். தரகர் வீட்டுப் பையனுக்கு இது தெரியாதா? நான் சரக்கை வாங்கவில்லை. கடைக்காரம்மாவின் குரலுக்காகப் போய் நின்றேன்.

ஒருமுறை சந்தையில் துண்டு போட்டுப் பேரம் பேசுவதைப் பற்றி எழுதினேன். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே விலையை முடிப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள் என்று. அதை முழுசாக வாசித்துவிட்டு அவர் ஒலிவாங்கியிலேயே சிரித்துவிட்டார். அன்றைக்குச் சந்தோஷத்தில் நான் சாப்பிடவில்லை.

இதையெல்லாம், இப்போது நான் குடியிருக்கும் ஹூஸ்டனின் தமிழ்ச் சங்க மலரில் ஒன்றரைப் பக்கம் எழுதியதுதான் நான் செய்த தப்பு. மலரை இணையத்தில் போட்டார்கள். பெய்ஜிங்கில் வான்மதியே படித்துவிட்டார். பிப்ரவரியில் மின்னஞ்சல் வந்தது.

"அன்பு நேயருக்கு வணக்கம். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தங்கள் ஹூஸ்டன் அருகே சுகர்லேண்டில் உள்ள என் மகள் வீட்டிற்கு வந்திருக்கிறேன். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பேர்லேண்ட் மீனாட்சி கோயில் கேன்டீனில் இருப்பேன். பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம்."

நான்கு வரியில் ஒரு பிழை இல்லை. எங்கள் சங்கத் தலைவருக்கு அப்படி எழுத வராது.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மகன் கவின் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்கு ராணுவச் செயற்கைக்கோள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அரசாங்கப் பாதுகாப்பு அனுமதி வந்தால்தான் உறுதி. படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ஏழு வருஷத்துல நானோ என் குடும்பமோ வெளிநாட்டு அரசாங்கத்து ஆளோட தொடர்பு வச்சிருந்தோமான்னு கேக்கறாங்கப்பா."

"அந்தம்மா ரிட்டயர்டு ஆயிருச்சுடா. ரேடியோவுல பாட்டுப் போட்டவங்க."

"யாரோட ரேடியோ?"

என் மனைவி சாந்தி ரசத்தை ஊற்றிக்கொண்டே முடித்து வைத்தாள். "ஏனுங்க, நாப்பது வருசம் பாக்காம இருந்தவங்கதான? பையன் பொழப்புல மண்ணப் போட்றாதீங்க."

போகமாட்டேன் என்றேன். சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு, தொப்பி போட்டுக்கொண்டு, கேன்டீனில் மூலை மேஜையில் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தேன். பார்ப்பது தொடர்பு ஆகாதே என்று எனக்கு நானே பேரம் பேசியிருந்தேன். என் முகமும் குரலும் அவருக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும்தான் தெரியும்.

வந்தார். குட்டையான தலைமுடி, நரை, கையில் ஒரு துணிப்பை. மேஜை மேஜையாகக் குனிந்து கேட்டார். "மன்னிக்கவும். அந்தியூர் சேனாபதி அவர்களைத் தங்களுக்குத் தெரியுமா?" கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள். ஒரு பையன், "மாம், ஷீ ஸ்பீக்ஸ் டமில்" என்றான். அவன் அம்மா, "ஆமா, உன்னவிட" என்றாள். ஐந்து மேஜை முடிந்து என்னிடம் வந்தார்.

"தெரியாதுங்க. நான் ஜம்புநாதன். மயிலாப்பூர்."

"அப்படியா. தங்கள் பேச்சு கொங்கு நாட்டுப் பக்கம் போல் ஒலிக்கிறது."

"பொண்டாட்டி அந்தப் பக்கமுங்க. ஒட்டிக்கிச்சு."

சிரித்தார். அதே சிரிப்பு. எதிரே அமர்ந்து பையைத் திறந்தார். உள்ளே நீல வான்கடிதங்கள், ரப்பர் பட்டை போட்டு. "அலுவலகம் இடம் மாறியபோது எல்லாவற்றையும் எறிந்தார்கள். இவருடையதை மட்டும் வீட்டிற்குக் கொண்டுவந்தேன். எங்கள் மேலதிகாரி கேட்டார், இந்த நேயர் எப்போதும் மாட்டைப் பற்றியே ஏன் எழுதுகிறார், இதில் இரகசியக் குறி உள்ளதா என்று. மாடுதான் ஐயா என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்."

நான் புளியோதரையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"இவர் சொன்ன விரல் பேரத்தை என் கணவரிடம் பழகிப் பார்த்தேன். சரியாகச் செய்கிறேனா என்று கேட்க நினைத்தேன். தாங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"மெட்ராஸ்ல ஏதுங்க மாட்டுச்சந்தை."

"விளையாட்டாக" என்று சொல்லிக் கைக்குட்டையை விரித்துக் கையின் மேல் போட்டு நீட்டினார். மறுத்தால் முரட்டுத்தனம். கையைக் கொடுத்தேன். கைக்குட்டைக்கு அடியில் என் மூன்று விரல்களைப் பிடித்து அழுத்தினார். விலை சொல்கிறார். நான் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். கை என் அப்பாவுடையது. ஒரு விரலை மடக்கிக்கொண்டு, மீதி இரண்டால் அவர் உள்ளங்கையை இரண்டு தட்டுத் தட்டிக் குறைத்துக் கேட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் புளியோதரையைப் பார்த்தேன்.

கையை எடுத்துக்கொண்டார். கைக்குட்டையை நான்காக மடித்தார். கடிதக் கட்டை என் பக்கம் நகர்த்தி, "சேனாபதியைக் கண்டால் கொடுத்துவிடுவீர்களா?" என்றார்.

வெளிநாட்டாரிடமிருந்து பெற்ற பொருள் என்று இன்னொரு கேள்வி படிவத்தில் இருக்குமோ என்று மனசு போயிற்று. "அவரை எங்க போய்த் தேடறதுங்க" என்றேன்.

கடிதங்களைப் பையில் திரும்ப வைத்தார். எழுந்து, நேராக நின்று, மெதுவாகச் சொன்னார். "நேயர் அவர்களே, இன்றைய ஒலிபரப்பு இத்துடன் நிறைவடைகிறது. வணக்கம்."

நான் வணக்கம் சொல்லவில்லை. ஜம்புநாதனுக்கு என்ன தெரியும்?

மே மாதம் அந்தக் கம்பெனி திட்டத்தையே மூடிவிட்டது. கவின் இப்போது ரிச்சர்ட்சனில் டெலிகாம் வேலையில் இருக்கிறான். அங்கே யாரும் அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. திட்டம் மூடிய செய்தி வந்த அன்று மாலையே வான்மதிக்கு எழுதினேன். நான்தான் என்று தொடங்கி மூன்று பக்கம். மின்னஞ்சல் முகவரி மகளுடையது போல; பதில் அவரிடமிருந்து ஆங்கிலத்தில் வந்தது. "அம்மா ஊர் திரும்பிவிட்டார். என் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அம்மா பார்த்த வேலையைப் பற்றி வக்கீல் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டார். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு அனுப்பவில்லை. தயவுசெய்து இனி எழுத வேண்டாம்."

அந்தப் பெண்ணை நான் என்ன குறை சொல்ல? அதே தராசைத்தான் நானும் பிடித்தேன்.

கணக்கு இதுதான். நான் எழுதிய கடிதங்கள் அறுபத்தொன்று. அவர் எழுதிய பதில்கள் அறுபத்தொன்று. அதில் பாக்கி இல்லை. என் பெயரை அவர் வானொலியில் சொன்னது முப்பத்தேழு முறை. பேர்லேண்டில் மேஜை மேஜையாகக் கேட்டது ஆறு. ஆக நாற்பத்து மூன்று. அவர் எதிரே உட்கார்ந்து நான் என் பெயரைச் சொன்னது, ஒரு தடவைகூட இல்லை.