தாய்வீட்டுக்குப் போகும் வண்டி

வளைகாப்புப் பெண் வேனில் ஏறப்போகிற நேரத்தில் நான் ஆதார் கேட்டேன். கேட்டதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. ராஜபாளையத்தில் வேன் ஓட்டுகிற யாரும் இப்போது கேட்காமல் வெளியூர்க்காரர்களை ஏற்றுவதில்லை.

கருத்தம்மாள் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு முறைத்தாள். "ஏலே காசிராஜா, செத்த முன்னாடி உள்ள உக்காந்து புளிச்சோறு தின்னேல்ல? அப்பக் கேக்க வேண்டியதுதான?"

"உங்களக் கேக்கலக்கா. அந்தப் பிள்ளைக்குத்தான்."

"அது போன் கவருக்குள்ள கெடக்கு. போன் வீட்டுக்குள்ள கெடக்கு. வண்டிய எடு."

அந்தப் பிள்ளை ஒடிசாக்காரி. பெயர் ரஷ்மிதா, எங்கள் தெருவுக்கு ரசுமி. நூல் ஆலைக்கு வேலைக்கு வந்தவள், அங்கே ஃபிட்டராக இருக்கும் சமுத்திரத்தை விரும்பி மாரியம்மன் கோவிலில் மாலை மாற்றிக்கொண்டாள். பதிவு கிதிவு ஒன்றும் செய்யவில்லை. அவளைப் பெற்ற தாய் உயிரோடு இல்லை. முறை செய்ய ஆள் வேண்டுமே என்று அதே ஆலையில் பக்கத்து மிஷினில் நிற்கும் கருத்தம்மாள் அக்கா தாயாக நின்றாள். வேப்பிலைக் காப்புப் போட்டு, அதற்கு மேல் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கி, பேறுகாலத்துக்குச் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வளையல் போட்ட பெண் புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. சமுத்திரமும் பந்தியில் சாப்பிட்ட கையோடு மத்தியான ஷிப்டுக்குப் போய்விட்டான். அவன் சும்மா சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், பிறகு சொல்லாமல் போனதற்கு என்ன அர்த்தம் என்று அக்காதான் போனை வீட்டிலேயே வைக்கச் சொன்னாளாம். இதையெல்லாம் வழியில் அக்காவே சொன்னாள். நான் கண்ணாடியில் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வளையல் குலுங்கியது. அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆள்கடத்தலுக்கு எதிராக அரசாங்கம் சட்டத்தை இறுக்கியபோது நல்லது என்று சொன்னவன்தான் நானும். வடக்கே இருந்து சின்னப் பிள்ளைகளைப் பொய் சொல்லி ஏற்றிவந்து ஆலைக்குள் அடைத்த ஏஜெண்டுகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன்களைப் பிடித்தால் யாருக்கு வலிக்கும்? ஆனால் ஏஜெண்டுகள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள், மாட்டியவர்கள் எல்லாம் எங்களைப் போன்றவர்கள். ரயிலடியில் நின்ற நாலு பிள்ளைகளை ஏற்றிய எங்கள் ஸ்டாண்டு முத்துப்பாண்டியின் வண்டி இன்னும் ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கிறது. பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. தளவாய்புரத்துப் பாண்டிதுரை வடக்கத்திப் பெண்ணைக் கட்டியவன். ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆமா சார், என் பொண்டாட்டிதான் என்றான். யார் மூலமாக வாங்கினாய் என்று கேட்டு அன்றைக்கே அள்ளிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து எங்கள் வேன் ஸ்டாண்டில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு புத்தி கண்டுபிடித்திருந்தோம். தெரியாத நம்பரில் இருந்து யார் கேட்டாலும், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சமுத்திரமும் அங்கேதான் டீ குடிப்பான்.

ரோட்டில் கைகாட்டுகிறவர்களுக்கும் நாங்கள் நிறுத்துவதில்லை. ஒருநாள் செண்பகத்தோப்புக்குப் பிரிகிற விலக்கில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு வடக்கத்திப் பையனை எத்தனை வண்டிகள் தாண்டிப் போயினவோ தெரியாது. என் வண்டியும் நிற்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்பே போலீஸ்காரர்கள் மறித்தார்கள். எஸ்.ஐ. குனிந்து உள்ளே பார்த்தார். ரசுமியின் முகத்தை ஒருமுறை, அக்காவின் முகத்தை ஒருமுறை.

"இந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?"

"அம்மா," என்றாள் அக்கா.

"எந்த ஊரு?"

"சுந்தரபாண்டியம்."

"அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

அக்கா விழித்தாள். "ஒடிசா. அம்மான்னா, அம்மா மாதிரி சார். வளைகாப்புக்குத் தாயா நின்னேன்."

"மொதல்ல அம்மா, இப்ப அம்மா மாதிரி. எறங்கு."

ரசுமி தமிழில் சொன்னாள், "இவங்க எங்க அம்மாதான் சார்."

"நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்க," என்றார் அவர் அக்காவைப் பார்த்து. "வளையல அடுக்கிவிட்டா எவனும் கேக்க மாட்டான்னு நெனப்பா? போன மாசம் ஒரு கும்பல் மஞ்சக்கயிறு கட்டித்தான் கூட்டிட்டு வந்துச்சு. புருஷன் எங்க?"

"சொல்லாமப் போறதுதான சார் மொற..."

அவர் தென்மாவட்டத்துக்காரர் இல்லை போலிருக்கிறது. புருஷனுக்குச் சொல்லாமல் கூட்டிப்போகிறார்கள் என்று மட்டும் அவர் காதில் விழுந்தது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் எங்கள் போன்களை வாங்கி மேஜையில் வைத்தார்கள். வண்டிச் சாவியும் அதோடு போனது.

சமுத்திரத்தின் நம்பரை ரசுமி மனப்பாடமாகச் சொன்னாள். எஸ்.ஐ. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கைகாட்டிவிட்டு, தன் போனில் அடித்து ஸ்பீக்கரைப் போட்டார். பின்னணியில் ஆலையின் இரைச்சல் கேட்டது. ரசுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சமுத்திரமா?"

"ஆமா, யாரு பேசுறது?"

"போலீஸ் ஸ்டேஷன். ஒடிசாப் பொண்ணு ஒண்ணு உங்கிட்ட இருக்காமே? யார் மூலமாக் கூட்டிட்டு வந்த?"

ஆலை இரைச்சல் கொஞ்சம் அடங்கியது, போனோடு ஓரமாகப் போயிருப்பான்.

"அப்படி யாரும் எங்கிட்ட இல்ல சார்."

"ரஷ்மிதாங்கிற பொண்ணு..."

"தெரியாது சார். நீங்க வேற சமுத்திரத்தக் கேக்குறீங்க."

வைத்துவிட்டான். திரும்ப அடித்தபோது ஸ்விட்ச் ஆஃப்.

எங்கள் ஸ்டாண்டில் சொன்ன வார்த்தை, மாறாமல் அப்படியே வந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், அவன் குரலைக் கேட்ட அந்த நிமிடத்தில், நான் அக்காவைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததுண்டா? அவளுக்குச் சுந்தரபாண்டியத்தில் வீடு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாதே. பெஞ்சில் அவள் பக்கத்தில் இருந்தவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"நீயுமாலே?" என்றாள். அவ்வளவுதான்.

ரசுமி அழவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டு இறுக்கிக்கொண்டாள். அதன் பிறகு வளையல் சத்தமே இல்லை.

இருட்டுவதற்கு முன்னால் சமுத்திரம் வந்தான். வீட்டுக்கு ஓடிப்போய் அவள் போனையும் கவருக்குள் இருந்த ஆதாரையும் பார்த்திருக்கிறான், வழியிலிருக்கும் ஸ்டேஷனில் மாட்டியது அவள்தான் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. ஆலைச் சட்டையில் பஞ்சு அப்பியிருந்தது. கல்யாணப் படத்தை மரச்சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"எம் பொஞ்சாதி சார். பயத்துல சொல்லிட்டேன் சார்."

அவன் நீட்டிய ஆதாரில் ஒடிசா விலாசம்தான் இருந்தது. எஸ்.ஐ. படத்தை வாங்கவில்லை. "மத்தியானம் தெரியாது, சாயங்காலம் பொஞ்சாதி. உன்ன நம்பவா, இந்தம்மாவ நம்பவா? அந்தப் பொண்ணே சொல்லட்டும். அது சொல்ற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாது. இந்தம்மா மேல கேஸ்தான்."

பெண் போலீஸ் ஒருவர் ரசுமியின் முன்னால் வந்து குனிந்தார். "பயப்படாதம்மா. இவரு யாருன்னு தெரியுமா?"

ரசுமி தலை நிமிரவில்லை.

"ரசுமி, சொல்லு," என்றான் சமுத்திரம். "என்னயப் பாத்துச் சொல்லு."

கருத்தம்மாள் அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி, சொல்லிரு தாயி. எனக்காகவாச்சும் சொல்லு."

ரசுமி அக்காவைப் பார்த்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்லம்மா?"

அக்கா அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எஸ்.ஐ. பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேஜை மேல் என் வண்டிச் சாவி கிடந்தது. சமுத்திரம் துண்டை விலக்கி, படத்தை அவளுக்குத் தெரிகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்ததில், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.