துண்டுக்கடியில் ஒன்றரை

பூமி இன்னும் எவ்வளவு சூடாகலாம் என்பதைப் புளியம்பட்டி மாட்டுச் சந்தையில்தான் பேசி முடிப்பார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு டிகிரி. மடக்கிய விரல் அரை. பேரம் படிந்ததும், அந்தச் சூட்டுக்குள் இன்னும் விடக்கூடிய மிச்சப் புகையை ஊர் ஊராகப் பங்கு போட்டுவிடுவார்கள். விஞ்ஞானிகள் கணினிக்குள் வளர்த்த கணக்கு, பஸ் பிடித்து வந்து துண்டுக்கடியில் கையை நீட்டும். எவன் முதலில் கையை உருவுகிறானோ, அவன் எதிராளி விலைக்குச் சம்மதித்தவன்.

இந்த முறை ஊர்கள் சார்பில் பேச வந்தவர் மாரப்பன். மண் சுமந்து, அடி வாங்கி, சொந்தமாகச் செங்கல் சூளை போட்டவர். வேகாத பச்சைக்கல் அடுக்கிக் கிடக்கிறது. பற்றவைக்க ஊர்ப் பங்கில் புகை மிச்சமில்லை. மழை விழுந்தால் அத்தனையும் சேறு.

மாரப்பன் மூன்று விரலைப் பிடித்தார். கணக்கு ஒன்றரை பிடித்தது.

"மூணு கேட்டா ரெண்டேமுக்காலாவது சொல்லணும். அதுதானய்யா சந்தை மரியாதை?"

"ஒன்னரைங்க."

மாரப்பன் டீ வரவழைத்துக் கொடுத்தார். குடும்பம் குட்டி விசாரித்தார். கணக்குக்குக் குடும்பம் இல்லை.

"அதுக்கு மேல போனா பனி உருகுமுங்க."

"உருகட்டும். இங்க எவன் பனியக் கண்டான்?"

மாரப்பன் இரண்டுக்கு இறங்கினார். அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு இறங்கியதில்லை.

"ஒன்னரைங்க. டீ கொதிச்ச புகையும் உங்க பங்குல கழிஞ்சிருச்சு."

"கல்லோட பேசுனாக்கூட இந்நேரம் கால்வாசி விரலாவது எறங்கியிருக்கும். போய்யா, நீயும் உன் ஒன்னரையும்!"

கையை உதறிவிட்டார். ஒன்றரைக்கே பேரம் படிந்தது. கூட்டம் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்பியது. மாரப்பன் ஊர்ப் பங்காக ஒரு சூடம் கொளுத்தும் அளவுக்குப் புகை வந்தது. பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

வழிநெடுக யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செருப்பைத் திட்டிக்கொண்டே வீடு வந்தார்.

சூளை ஓரத்தில் அவர் மனைவி பாவாயி ஒரு கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். வெண்கலம் மாதிரி கணீரென்றது. அத்தனை கல்லும் சிவந்திருந்தது.

"நெருப்பு வெச்சியா?"

"நான் எதுக்குங்க வெக்கறேன்? நீங்க பேசிட்டு வர்றதுக்குள்ள வெயில்லயே வெந்துபோச்சு. அவரு வேற அப்பப் புடிச்சு நிக்கறாரு, கூலி கேட்டு."

மேற்கே, மறைய வேண்டிய நேரம் கடந்தும், பனைமரத்தை ஒட்டிச் சூரியன் நின்றுகொண்டிருந்தது.

மாரப்பன் பெருமூச்சு விட்டார். துண்டை உதறிக் கைமேல் போட்டுக்கொண்டு சூரியனிடம் நடந்தார். அடியில் நீண்ட விரல்களைத் தடவிப் பார்த்தார். நாலு.

"ஒன்னரை," என்றார்.