தூரத்த மட்டும் குறைக்காத

"நிழல எடுத்துரு," என்றான் இளவரசன்.

யாழினி மவுஸைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். அண்ணனா இதைச் சொல்வது? மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தலையணைகளில் சாய்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துவாக்குடியில் படித்த காலத்தில் அவன் செகண்ட்ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. எந்தப் புது கேமைப் போட்டாலும் திணறும். அழகாகக் காட்டச் சொன்னால் நகராது. நகரச் சொன்னால் அழகு இருக்காது. அண்ணனுக்கு அழகு வேண்டும். கேமில் ஓட்டும் குதிரை நொண்டினாலும் பரவாயில்லை, புல் ஆட வேண்டும், தண்ணீரில் மேகம் தெரிய வேண்டும். தங்கைக்கு வேகம். அவன் அந்தண்டை போனதும் செட்டிங்ஸுக்குள் புகுந்து நிழல், புல் எல்லாவற்றையும் வழித்தெறிவாள். அவன் வந்து மறுபடி ஏற்றுவான். அவன் வேலைக்குப் போன பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. "அந்தப் பொட்டிய காவேரியில போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் புத்தி வரும்" என்பாள் அம்மா ஜோதி.

நேற்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். நுரையீரலுக்கு இனிமேல் செய்ய ஒன்றுமில்லையாம். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். கேமில் வரும் பெரிய மலையின் உச்சிக்குப் போக வேண்டும். அவன் வைத்திருந்த அழகில் ஏற ஆரம்பித்தாலே படம் உறைந்துவிடும் என்பதால், அடிவாரத்தைத் தாண்டியதே இல்லை. அவனுக்குக் கையில் தெம்பில்லை, யாழினி ஓட்டினாள். காலையிலிருந்து உறைந்து உறைந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடும்போது அவள் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பார்க்காமலே போய்விடுவானோ?

"நிழல எடுத்துட்டேன். புல்லு?"

"எடுத்துரு."

"தண்ணியுமா?"

"எல்லாத்தையும் எடுத்துரு யாழி. தூரத்த மட்டும் குறைக்காத. அது ஃபுல்லா இருக்கட்டும்."

எவ்வளவு தொலைவு வரை நிலத்தைக் காட்டுவது என்று அதற்கும் ஒரு அளவு உண்டு. யாழினி எப்போதும் முதலில் குறைப்பது அதைத்தான். ஓடுகிறவளுக்குத் தொடுவானம் எதற்கு?

எல்லாம் போனதும் மலை மொட்டையடித்த மாதிரி நின்றது. குதிரை பறந்தது.

"அண்ணே, ஏறிட்டோம்!"

உச்சியில் குதிரையை நிறுத்தி, மவுஸால் காட்சியைச் சுற்றித் திருப்பினாள். இத்தனை வருஷம் தனித்தனியாகச் சுற்றிய ஊர்கள், வழி தெரியாமல் அலைந்த காடு, எல்லாம் கீழே ஒரே நிலமாகக் கிடந்தன. ஒரே ஆறு அத்தனையையும் தொட்டுக்கொண்டு போய், அவர்கள் கண்டேயிராத ஒரு கடலில் சேர்ந்தது. நிழல் இல்லை, புல் இல்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. இவ்வளவுமா இந்தப் பழைய பெட்டிக்குள் இருந்தது?

"அடேங்கப்பா," என்றான் இளவரசன். "கடல் இருக்குடி."

அவள் காட்சியை மெதுவாகத் திருப்பினாள். கடலுக்குள் தீவுகள் வந்தன.

"அண்ணே, தீவு பாரு."

பதில் இல்லை. அவள் அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. கஞ்சியோடு வந்த அம்மா அவன் கையைத் தொட்டுவிட்டு அலறும் வரை, காட்சியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

மதியத்துக்குள் மண்ணச்சநல்லூர் சொந்தங்கள் வந்துவிட்டார்கள். ஐஸ் பெட்டியும் வந்தது. பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து அதன் வயரைப் பிடித்துக்கொண்டு பிளக் தேடினார். கூடத்தில் இருந்த ஒரே ஒரு பிளக்கில் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தது. திரையில் அந்தக் கடல் அப்படியே நின்றது.

"பாப்பா, இதக் கழட்டிரட்டுமா?"

யாழினி தலையாட்டப் போனாள். மகனின் தலைமாட்டில் அழுது ஓய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். அந்தத் திரையை அவள் திட்டியிருக்கிறாளே தவிர, ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"இதையா பார்த்துக்கிட்டு இருந்தான்?"

"ஆமாம்மா."

அம்மா எழுந்து வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு? திருப்பு."

யாழினி உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். பிச்சமுத்து வயரைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்.