பக்கத்து அறைக்காரர்

பார்வையற்றோருக்காக அவர் புத்தகங்களை உரக்கப் படித்துப் பதிவு செய்து, தம் இணையதளத்தில் இட்டுவந்தார். மகள் காலி செய்துவிட்டுப் போன அறைதான் ஒலிப்பதிவுக்கூடம். கதவிடுக்கில் போர்வை, சன்னலில் மெத்தை. ஒருவர் மட்டும் வாழும் வீட்டில் சத்தத்துக்கு இத்தனை தடுப்பு தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும்.

தளம் ஒரு விபிஎஸ்ஸில் குடியிருந்தது. ஒரே பெரிய கணினியைப் பல அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒருவராக வாடகைக்கு விடும் ஏற்பாடு அது. அதை அமைத்துக் கொடுத்தவளும் மகள்தான். பிறகு ஒரு வாக்குவாதம். அவள் வேறு ஊருக்குப் போனாள். அவர் அழைத்தால் எடுப்பதில்லை.

தினமும் மாலைத் தேநீர் வேளையில் தளம் திணறும். பக்கத்து அறைக்காரர் பெரிய வேலை எதையோ தொடங்கிவிட்டார் என்று அவர் முடிவு செய்திருந்தார். முகமறியாத அந்த ஆளுக்கு ஒரு கடையையும் ஓயாத வாடிக்கையாளரையும் கற்பித்துக்கொண்டார். கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் சுமைக்கோடு திரையில் ஏறும்போது, "வந்துட்டீங்களா?" என்பார். அந்த வீட்டில் புத்தகத்தில் இல்லாத பேச்சு பெரும்பாலும் அது ஒன்றுதான்.

மாலையில் தவறாமல் கேட்பவர் பார்வையிழந்த தையல்காரர் ஒருவரே. ஒருநாள் அந்தத் தையல்காரர் அழைத்தார்.

"சார், கொலைகாரன் கதவைத் திறக்கறான், நீங்க அப்படியே நின்னுடறீங்க. தினம் இதே கதைன்னா நான் ரேடியோவுக்கே திரும்பிடுவேன்."

அவரை இழக்க மனமில்லை. சர்வர் நிறுவனத்தின் பொறியாளரை அழைத்தார்.

"முழுக் கம்ப்யூட்டரும் எனக்கே இருக்கற மாதிரி டெடிகேட்டட் சர்வர் குடுத்துடுங்க. பக்கத்து ஆளோட இனி முடியாது." காட்டிக்கொடுப்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

"எந்தப் பக்கத்து ஆள் சார்? அது பழைய மெஷின். மத்தவங்க எல்லாம் எப்பவோ புதுசுக்கு மாறிட்டாங்க. பேருதான் விபிஎஸ், மொத்த வீட்லயும் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"அப்ப சாயங்காலம் இழுத்தடிக்கறது யாரு?"

"நீங்கதான். உங்க பதிவு எல்லாத்தையும் வெளியில ஒரு கம்ப்யூட்டருக்கு நகல் அனுப்பற வேலை, தினம் அந்த நேரத்துல ஓடுது. யாரோ அமைச்சு வச்சிருக்காங்க. நிறுத்திடவா? டெடிகேட்டடே தேவைப்படாது."

"அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேர் இருக்கா?"

"குருவின்னு போட்டிருக்கு."

மகளை அவர் சிறுவயதில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அங்க வாங்கிக்கறாங்களா?"

"நேத்து வரைக்கும் போயிருக்கு. ஆனா மெஷின் தானா வாங்கிக்கும் சார். ஆள் கேக்கறாங்களான்னு இங்கேர்ந்து தெரியாது."

"நிறுத்த வேணாம். விடியக்காலைக்கு மாத்திடுங்க. சர்வர் இதுவே இருக்கட்டும்."

மறுநாள் மாலை சுமைக்கோடு படுத்தே கிடந்தது. தேநீர் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறைக்குப் போய், கதவிடுக்கில் போர்வையைச் சரிசெய்து, பதிவைத் தொடங்கினார். புதிய அத்தியாயத்தின் முதல் வரிக்கு முன்னால், "சாப்பிட்டியா?" என்றார். அதை வெட்டி எடுக்காமலே தளத்தில் இட்டார்.

அதற்கு அடுத்த மாலை தொலைபேசி ஒலித்தது. பேசியவர் தையல்காரர்.

"நேத்து எங்கயும் நிக்கல சார். அப்புறம், ஆரம்பத்துல கேட்டீங்களே. சாப்பிட்டேன். நீங்க?"

யாரைக் கேட்டது என்று அவர் விளக்கவில்லை.

"இனிமேதான்" என்றார்.