கணக்கில் வராத ஐந்து பந்து

டாக்டர் சொன்ன எண்ணிக்கை அறுபது. ஓர் ஆட்டத்தில் அதற்கு மேல் பந்து எறிந்தால் இந்தத் தோள் அப்புறம் பிரஷ்கூடத் தூக்காது என்றார். மாப்பிள்ளைக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில். ஞாயிற்றுக்கிழமை பேஸ்பாலில் பேட்டை அணிக்கு அவன்தான் பந்து எறிபவன். எதிரே குந்தி உட்கார்ந்து பிடிப்பவர் அவன் மனைவியின் அண்ணன், பிளம்பர்.

கோச் அந்த அறுபதை மதித்தார். ஒவ்வொரு பந்துக்கும் நோட்டில் ஒரு கோடு. ஆனால் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் கிடைக்கும் இரண்டு நிமிடம் வீணாகப் போவது அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். கை ஆறிப்போகாமல் இருக்க எறிகிற ஐந்து பந்தை ஏன் சும்மா எறிய வேண்டும்? இந்த வாரம் புதுச் சட்டம்: ஐந்தும் முழு வேகத்தில், சொன்ன மூலைக்கு. பலன் கைமேல் கிடைத்தது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணிக்கு ஒரு ரன் இல்லை. அந்தப் பந்துகளுக்கு மட்டும் நோட்டில் கோடு இல்லை.

பிளம்பரின் உள்ளங்கை எல்லாவற்றையும் எண்ணியிருந்தது. நோட்டில் நாற்பத்தொன்று. கையுறைக்குள் அறுபத்தாறு.

“சார், அந்த அஞ்சஞ்சையும் சேத்துக்கணும்.”

“வாய் கொப்புளிச்ச தண்ணியக் குடிச்ச கணக்குல சேப்பியாய்யா?” என்றார் கோச். பெஞ்சே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். பிறகு பக்கத்தில் வந்து முணுமுணுத்தான்.

“மச்சான், சும்மா இருங்க. இன்னிக்கு இறக்கிட்டாருன்னா அடுத்த வாரம் வேற எவனாவது ஏறிடுவான்.”

“தோளு?”

“தோளு என்னோடது.”

“தங்கச்சி என்னோடவ.”

மாப்பிள்ளை எறியும் மேட்டுக்கு நடந்தான்.

பிளம்பரிடம் மிச்சமிருந்தது ஒரே தந்திரம். இரண்டு நிமிடம் தீர்ந்தால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். எறியாத பந்து எறியாததுதான். அவர் கால்காப்பின் பட்டையை அவிழ்த்தார். மாட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

“நேரம் போகுது! அவரு பொறுமையா மாட்டட்டும், நீங்க போய்ப் பிடிங்க!” கோச் மாற்று ஆட்டக்காரரான மளிகைக் கடைக்காரரை விரட்டினார்.

கையில் பட்டையோடு மண்டியிட்டபடியே பிளம்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது பந்தில் மாப்பிள்ளையின் உதடு இறுகியது. நான்கு. ஐந்தாவது பாதி தூரம்கூடப் போகாமல் மண்ணில் விழுந்து உருண்டது. அவன் வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு நின்றான், யாரோ கொடுத்துவிட்டுப் போன குழந்தையைப் போல.

“சார், தோளு போயிடுச்சு!” என்றார் பிளம்பர்.

“ஒண்ணுமில்ல சார், வழுக்கிடுச்சு!” மாப்பிள்ளை அவசரமாகக் கத்தினான்.

கோச் நோட்டைப் புரட்டினார். “நாப்பத்தொண்ணுதான் ஆச்சு. இன்னும் பத்தொம்பது இருக்கு, பயப்படாத!”

நடுவர் கை தூக்கினார். கடைக்காரர் ஒதுங்கினார். பிளம்பர் போய்க் குந்தினார். இப்போது பட்டை நிஜமாகவே சரியாக மாட்டவில்லை. கையுறையை எவ்வளவு முன்னால் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார், அந்த ஒரு முழமாவது தூரம் குறையட்டும் என்று.